டைனோவா, ரெடிமேட் மேப்பா, லாக் அனுப்பி டியூனா? நெல்லை வெயிலில் ஓடும் டர்போ வண்டிக்கு எது சரி

என் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230-ஐ மூன்று வழியிலும் டியூன் செய்து பார்த்துவிட்டேன். டியூன் என்றால் இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) எல்லாம் சொல்லும் மேப் என்ற ஃபைலை மாற்றுவது. கம்பெனியிலிருந்து வரும்போது 2.0 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். இப்போது இன்டேக், டவுன்பைப், பெரிய இன்டர்கூலர் எல்லாம் மாற்றி 300-ஐத் தொட்டு ஓடுகிறது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இப்படி ஒரு வண்டியை எங்கே டியூன் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நம்ம ரோட்டிலேயே லாக் (ஓடும்போது இசியு காட்டும் அளவுகளின் பதிவு) எடுத்து டியூனருக்கு அனுப்புங்கள், அவர் திருத்தித் தரும் ஃபைலை ஏற்றுங்கள்.

வயரோடு சொருகும் டியூனிங் பாக்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பூஸ்ட் அளவைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றும் வேலைதான் பெரும்பாலும். இவ்வளவு பவருக்கு அது ஆகாது.

ரெடிமேட் ஸ்டேஜ் மேப் விலை குறைவு, ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். பார்ட்ஸ் எதையும் மாற்றாத வண்டிக்கு அதுவே போதும். எனக்குக் கிடைத்த மேப் 98 ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்து எழுதியது. நான் போடுவதோ 95.

அந்த மேப்போடு சித்திரை மாதம், மதியம் மூன்று மணி, நாங்குநேரி தாண்டி என்.எச். 44. மச்சினன் மடியில் லேப்டாப். இரண்டாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை ஒரே மிதி. அந்த கியரில் வேகம் 100-ஐ ஒட்டியே முடிந்துவிடும், அதற்கு மேல் ரோட்டில் போகவும் கூடாது. மூன்றாவது தடவை மிதித்தபோது உள்ளே போகும் காற்று 61 டிகிரி. மூன்றாவது சிலிண்டரில் இசியு டைமிங்கை 6 டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது. காதுக்கு ஒரு சத்தமும் இல்லை, இழுவையும் குறைந்த மாதிரி தெரியவில்லை. வண்ணார்பேட்டையில் என் வண்டி பார்க்கும் அண்ணாச்சி அந்த வரியைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள தட்டுது தம்பி. கம்ப்யூட்டர் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு, எத்தன நாளைக்கு நிறுத்தும்?" என்றார். தட்டுவது என்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தப்பித் தானாகவே வெடிப்பது; ஆக்டேன் குறைந்தாலும் காற்று சூடானாலும் அது கூடும்.

அடுத்து டைனோ, வண்டியை உருளை மேல் நிறுத்தி ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின். அதன் நல்லதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லாரி, மாடு, பைக் குறுக்கே வரும் பயமில்லை. ஒரே லோடில் நிறுத்திவைத்து டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிப் பார்க்கலாம், டியூனர் பக்கத்திலேயே நிற்பார். பவர் எண்ணும் கையில் கிடைக்கும், ஆனால் ஒரு டைனோ காட்டும் எண்ணை இன்னொன்று காட்டாது. கோயம்புத்தூர் வரை 350 கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் செய்து வந்தேன். அன்று டேங்கில் இருந்தது 100 ஆக்டேன். வண்டி பறந்தது.

ஊர் திரும்பி, வழக்கமான பங்கில் 95 அடித்து லாக் எடுத்தால் மறுபடி அதே மூன்றாவது சிலிண்டர். இப்போது 4 டிகிரி.

முடிவை மாற்றியது அந்த 4 டிகிரிதான். மேப் என்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. 100 ஆக்டேன் எல்லா பங்கிலும் கிடைக்காது. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆகிவிட்டது. எத்தனால் தட்டலைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும். சாதாரண பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, இ20-ல் சுமார் 13.5. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தச் சுமை ஹை பிரஷர் பம்பின் தலையில் விழும். பெட்ரோல் மாறும், வெயில் மாறும், பார்ட்ஸ் மாறும். ஒவ்வொரு தடவையும் திருத்தத்துக்கு 700 கிலோமீட்டர் போய்வந்து, டைனோ வாடகையும் கட்ட என்னால் முடியாது. இங்கே ராத்திரி லாக் அனுப்பினால் மறுநாள் காலையில் புது ஃபைல். ஆறாவது ஃபைலில் டைமிங் இழுப்பு 1.5 டிகிரிக்குள் வந்தது. என் பெட்ரோல், என் ரோடு, என் வெயில்.

இதற்கு உங்கள் பக்கம் ஒழுக்கம் வேண்டும். அரைகுறை லாக் அனுப்பினால் அரைகுறை மேப்தான் வரும். பூஸ்ட், லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), நான்கு சிலிண்டரின் டைமிங் இழுப்பு, காற்றின் சூடு, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) எல்லாம் ஒரே லாக்கில் இருக்க வேண்டும். டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸின் மேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள், கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் டியூன் வீண்.

பெரிய டர்போ போட்டு 400-க்கு மேல் போகிறவர்களுக்கு என் அனுபவம் பத்தாது. அந்த இடத்தில் நானே முதல் மேப்பை டைனோவில்தான் போடுவேன், ரோட்டில் சோதிக்கிற பவர் இல்லை அது.

பணம் கட்டும் முன் எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும், எவ்வளவு நாள் வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வருடம் கிடைத்தது. ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் எடுத்த லாக்கும், அடுத்த சித்திரை மதியம் எடுத்ததும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன.