எட்டாம் நம்பர் ஊசியும் ஆறு ஆண்டுப் பின்னலும்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து, இரண்டு ஊசிகளில் நூல் பின்னும் நிட்டிங்கில் என் முதல் வரிசையைப் பின்னி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி, குளிரான கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்குக் கழுத்துத் துணி, அடுப்படிக்குக் கைப்பிடித் துணி என்று கை ஓயவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: முதலில் என்ன வாங்க வேண்டும்? குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பட்டியலை அப்படியே பின்பற்றி நான் பணத்தை வீணாக்கியிருக்கிறேன். அதனால் இங்கே, இந்தப் புழுக்கத்தில், எது நிலைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஊசியிலிருந்து தொடங்க வேண்டும். "எட்டாம் நம்பர் ஊசி வாங்கிக்கொள்ளம்மா" என்றார் அத்தை. அவர் பள்ளியில் பின்னல் கற்றது ஆங்கிலேயர் கால அளவு முறையில். அந்தக் கணக்கில் எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர். நான் இணையத்தில் வாங்கிய எட்டாம் நம்பர் அமெரிக்க அளவு, 5 மில்லிமீட்டர். ஜப்பானிய ஊசியில் அதே எட்டு 4.5 மில்லிமீட்டர். இன்னொரு குழப்பமும் உண்டு: பழைய ஆங்கிலேய முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும், மற்ற இரண்டிலும் தடிக்கும்.

இது தெரியாமல் அந்த அமெரிக்க ஊசியில் தங்கையின் குழந்தைக்கு 80 கண்ணிகள் போட்டுத் தொப்பி பின்னினேன். ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும்தான் கண்ணி என்கிறேன். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்திருந்தால் சுற்றளவு 36 சென்டிமீட்டர், பச்சிளங்குழந்தைக்குச் சரி. எனக்கு வந்ததோ 18 கண்ணி. தொப்பி 44 சென்டிமீட்டருக்கு விரிந்துவிட்டது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து, குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குத்தான் தலையில் ஏறியது. அன்றிலிருந்து ஊசியில் பொறித்திருக்கும் மில்லிமீட்டரை மட்டுமே பார்க்கிறேன். எழுத்து அழிந்த பழைய ஊசிகளுக்காகத் துளைகள் இட்ட அளவுத் தகடு ஒன்று வைத்திருக்கிறேன். அத்தையிடமிருந்து வந்த ஊசிகள் எல்லாவற்றையும் அதில் நுழைத்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். யாராவது பழைய ஊசி கொடுத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பொருள் என்றால் என் தேர்வு மூங்கில். சௌரஸ்தா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் சாமான் கடையில் வாங்கிய 4.5 மில்லிமீட்டர் மூங்கில் ஜோடி இன்னும் கையில் இருக்கிறது. கண்ணிகள் வழுக்கி ஓடாமல் நிற்பதால் புதிய கைக்கு அச்சம் குறையும். குறையும் உண்டு. மழைக்காலப் பிற்பகலில் கை வியர்த்தால் நூல் மூங்கிலில் ஒட்டிக்கொண்டு இழுபடும். மூன்றாம் ஆண்டில் முனை பிசிறு விட்டது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவித் துடைத்ததும் சரியானது. அலுமினிய ஊசி வேகமானது, ஆனால் என் ஜோடியில் மேல்பூச்சு தேய்ந்து வெளிர் நூலில் சாம்பல் கறை படிந்தது. பிளாஸ்டிக் ஊசி வியர்வைக் கைக்கு ஆகவே ஆகாது.

இரண்டாவதாக ஊசி வாங்கும்போது 80 சென்டிமீட்டர் வட்ட ஊசியாக, அதாவது இரு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் வகையாக, வாங்குங்கள். பெரிய துணியின் பாரம் மணிக்கட்டில் விழாமல் மடியில் தங்கும். அதன் கம்பி சுருண்டே நின்றால் சுடுநீரில் சற்று நேரம் முக்கி நீட்டி விட்டால் போதும்.

நூலில் நான் அதிகம் தவறியிருக்கிறேன். முதலில் வாங்கியது கறுப்புக் கம்பளி. இரவு விளக்கில் கண்ணியே தெரியவில்லை, மடியில் வைத்தால் தொடை வியர்த்தது. மிச்சம் வைத்த உருண்டையை அந்துப்பூச்சி அரித்தது. முழுப் பருத்தி குளுமையானது, ஆனால் நெகிழ்ந்து கொடுக்காது, ஒரு மணி நேரத்தில் விரல் வலிக்கும். அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் மலிவு, துவைக்கவும் எளிது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி உயிரிழந்து தொங்கிவிடும். புதியவர்களுக்கு நான் கொடுப்பது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த, வெளிர் மஞ்சளோ வெளிர் நீலமோ ஆன, நடுத்தரத் தடிமன் நூல். நன்றாக முறுக்கேறிய நூலா என்று கடையிலேயே விரலால் பிரித்துப் பாருங்கள். முறுக்குத் தளர்ந்த நூலில் ஊசி இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். ஒரே சாய எண் உள்ள, அதாவது ஒரே தொகுதியில் சாயம் தோய்த்த, உருண்டைகளாக எடுங்கள்.

சில்லறைச் சாமான்களில் இரண்டு கட்டாயம். மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள ஊசி ஒன்று, நூல் நுனிகளை உள்ளே செருக. கூரான தையல் ஊசி நூலையே குத்திப் பிளந்துவிடும். மற்றது கொக்கி முனை உள்ள 4 மில்லிமீட்டர் குரோஷே ஊசி. நழுவிய கண்ணி ஏணிபோல் கீழே அவிழும்போது ஒவ்வொரு படியாக மேலே தூக்கிக்கொண்டுவர அதைவிட நல்ல துணை இல்லை. வரிசை எண்ணும் கருவி வேண்டாம், தாளில் கோடு போட்டாலே போதும். கத்தரிக்கோல் வீட்டில் இருப்பதே போதும்.

பின்னலில் ஓர் இடத்தைக் குறிக்கும் அடையாளத்துக்குச் சேலை ஊக்கைக் கோக்காதீர்கள். அக்டோபர் மழையில் இரண்டு வாரம் கிடந்த என் வெள்ளைப் பின்னலில் ஊக்கு துருப்பிடித்துப் பழுப்பு வட்டம் விட்டது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்தும் போகவில்லை. வேறு நிற நூலில் சிறு வளையம் கட்டிக் கோத்தால் செலவும் இல்லை, துருவும் இல்லை.

நூலை இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், காலணிப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு வைக்கிறேன். துணிப்பையில் வைத்திருந்தபோது ஒவ்வொரு மழைக்காலமும் பூஞ்சண வாடை வந்தது. டப்பாவுக்கு மாறி நான்கு ஆண்டுகளாகின்றன, அந்த வாடை திரும்பவில்லை. பொட்டலங்களை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.