அறுந்த தமனி: கட்டுவதா, தைப்பதா, குழாய் செருகுவதா?

அறுந்த முனையை நூலால் கட்டிவிட்டால் ரத்தம் நிற்கும், உயிர் தங்கும். கால் தங்குமா? இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலும் கட்டித்தான் விட்டார்கள். 1946இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனியும் அந்தப் போரின் 2,471 தமனிக் காயங்களைக் கணக்கெடுத்தபோது, சுமார் 40 சதவீதத்தில் கையோ காலோ பறிபோயிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியில் கணக்கு 70 சதவீதத்தைத் தாண்டியது. கொரியப் போரில் தைத்துச் சேர்க்கத் தொடங்கியதும் மொத்தக் கணக்கு சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியது. ஹெலிகாப்டரில் சீக்கிரம் கொண்டுவந்ததற்கும் அதில் பங்குண்டு. அதற்காகக் கட்டுவதை ஒதுக்கிவிட முடியாது. முன்கையின் இரண்டு தமனிகளில் ஒன்று அறுந்து, மற்றது நன்றாக ஓடினால் கட்டிவிட்டாலே போதும்.

கத்தி வெட்டு என்றால் இரு முனைகளையும் நேராகத் தைத்துவிடலாம். நசுங்கிய தமனியில் அது நடக்காது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்தால் இடைவெளி விழும், அதை இணைக்க இன்னொரு குழாய்த் துண்டு, அதாவது ஒட்டு, வேண்டும். இங்கே என் ஓட்டு நோயாளியின் சொந்தச் சிரைக்குத்தான். அதையும் அடிபடாத காலிலிருந்து எடுப்பது நல்லது. அடிபட்ட காலில் ஆழ்சிரையும் சேதமாகியிருந்தால், மிச்சமிருக்கும் வடிகால் தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரைதான். எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் வால்வுகளே ரத்தத்தை மறிக்கும். செயற்கைக் குழாய் தயாராகக் கையில் இருக்கும், நேரம் மிச்சம். ஆனால் முழங்காலுக்குக் கீழே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அழுக்கான காயத்தில் கிருமி பற்றினால் தலைவலிதான்.

எலும்பும் சேர்ந்து முறிந்திருந்தால்? எலும்பு மருத்துவர் கம்பி போட்டு முடிக்கும்வரை தசை காத்திருக்காது. ரத்தமில்லாமல் ஆறு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அதுவரை நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. சின்ன பிளாஸ்டிக் குழாயை, அதாவது ஷன்டை, இரு முனைகளிலும் செருகி ரத்தத்தை ஓடவிட்டு, எலும்பை நிறுத்தி, அப்புறம் ஒட்டுப் போடலாம். முதலிலேயே ஒட்டுப் போட்டுவிட்டு எலும்பை இழுத்தால் தையல் பிய்ந்துகொள்ளும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய இடத்திலும் இந்தச் சின்னக் குழாயே கைகொடுக்கும்.

ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாய்க்கு உள்ளேயே செருகி விரிக்கும் வலைக்குழாய்? காரை எலும்புக்கு அடியிலும், மோதலில் கிழிந்த மார்புப் பெருந்தமனியிலும் அருமையான வழி, மார்பைப் பிளக்க வேண்டாம். மடங்கி நிமிரும் முழங்காலில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எந்த வழியில் போனாலும், ரத்தம் திரும்பியதும் கெண்டைக்கால் வீங்கலாம். நாடித்துடிப்பு நன்றாக இருக்கும், பாதம் சூடாகவும் இருக்கும். ஆனால் கால்விரலைப் பிடித்து நீட்டினால் நோயாளி அலறுவார். அப்போது வீங்கிய தசையை நெரிக்கும் உறையை நீளவாட்டில் கீறித் திறந்துவிட வேண்டும், விடியும்வரை பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.