18,400 யென் போச்சு! ராமென் (ஜப்பான் நூடுல்ஸ் சூப்பு) கடைக்கு ஆப்ல சீட் போடுறவங்க இத படிச்சிருங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது, இன்னைக்கு திங்கள் ராத்திரி பதினொன்னரை, இப்பதான் அந்த ஆப்காரன்கிட்ட இருந்து நாலாவது பதில் வந்துச்சு. 18,400 யென். நம்மூர் காசுக்கு பத்தாயிரத்துக்கு மேல. ஜப்பான் வர்றவங்க ஏமாறாம இருக்க அஞ்சு விஷயம் கடைசில சொல்றேன், முதல்ல நடந்தத கேளுங்க.

நான் கவாசாகில மூணு வருஷமா வேலை பாக்குறேன். அக்கா, அத்தான், மருமவன் மூணு பேரும் திருநெல்வேலில இருந்து லீவுக்கு வந்திருந்தாங்க. மருமவன் காலேஜ் படிக்கிறான், அனிமே பாத்து பாத்து ராமென் பைத்தியம், "டோக்கியோல வேணாம் மாமா, ஹகாட்டாலயே போய் டொன்கொட்சு சாப்பிடணும்"னு ஒரே பிடிவாதம். டொன்கொட்சுன்னா பன்னி எலும்பு சூப்புல போடுற ராமென், ஹகாட்டா ஃபுகுவோகா ஊருக்குள்ள ஒரு பகுதி. சரின்னு ஃபுகுவோகா டிக்கெட் போட்டாச்சு. அவன் கேட்ட கடை வாசல்ல எப்பவும் பெரிய க்யூ, அக்காவுக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் எப்படி நிப்பான்னு யோசிச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது.

ஊர் சுத்துறதுக்கு டிக்கெட் விக்கிற ஒரு ஆப், பேர் வேணாம். அதுல அந்தக் கடையோட போட்டோ, அதே சிவப்புத் துணி வாசல், "க்யூ இல்லாம நேரா உள்ள, தலைக்கு 4,600, குறைஞ்சது 4 பேர்"னு போட்டிருந்தான். ஸ்டார் 4.8. பச்சை கலர்ல "இலவச ரத்து"ன்னு பெரிய எழுத்து. டோக்கியோல பெரிய பேர் வாங்கின சில ராமென் கடைங்க காசு வாங்கிட்டு நேரம் குடுக்குறது எனக்குத் தெரியும், அதனால இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். அக்காவுக்கு பன்னின்னாலே ஆகாது, சாப்பிடவே மாட்டா, ஆனா 4 பேர் இருந்தாதான் புக் ஆகும்னதால அவளுக்கும் சேத்துக் கட்டினேன். அடுத்த நிமிஷமே க்யூஆர் கோடு, நம்பர், 6:30 மணி எல்லாம் மெயில்ல வந்து விழுந்துச்சு. அத பாத்ததும் மனசு அப்படியே அடங்கிருச்சு, அத்தான்கிட்ட பெருமையா போனை நீட்டி வேற காட்டினேன்.

சனிக்கிழமை 6:20க்கு போறோம். தெருமுனை திரும்பும்போதே அந்த வாடை. பன்னி எலும்ப மணிக்கணக்கா கொதிக்கக் கொதிக்கப் போட்டு, கொழுப்பும் எலும்புச் சாறும் கலந்து பால் மாதிரி வெளுத்துப் போற சூப்பு, அதோட நெடி சும்மாவா இருக்கும், அக்கா முந்தானையால மூக்கப் பொத்திட்டா. க்யூல நிக்கிறவங்களத் தாண்டி ஜம்பமா முன்னாடி போய் போனை நீட்டினேன். தலைல துண்டு கட்டின பெரியவர் ஒருத்தர், கைல நூடுல்ஸ் வடிகட்டி, போனை ஒரு செகண்ட்தான் பாத்தாரு, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி பெருக்கல் குறி மாதிரி வெச்சுக் காட்டிட்டு கதவுல ஒட்டியிருந்த மஞ்சள் பேப்பரக் காட்டினாரு. முன்பதிவு கிடையாதுன்னு ஜப்பானிய மொழில கையால எழுதியிருந்துச்சு, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி பழசாப் போன பேப்பர். அவரு திட்டல, சிரிக்கவும் இல்ல, இது மாதிரி எத்தன பேரப் பாத்திருப்பாரோ.

க்யூல நின்னவங்க பாத்த பார்வைய இப்ப நெனச்சாலும் கூசுது.

அம்பது நிமிஷம் நின்னோம். அக்கா பக்கத்துல கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாசல்ல உக்காந்துட்டா. உள்ள டிக்கெட் மெஷின்ல ஒரு கிண்ணம் 850 யென், எக்ஸ்ட்ரா நூடுல்ஸ் காஏதாமா 150. மொத்தம் ஒன்பது சீட். குச்சி மாதிரி மெல்லிசான நூடுல்ஸ், ஒரு நிமிஷத்துக்குள்ள வெந்துரும், சீக்கிரம் ஊறிப் போயிரும்னுதான் கொஞ்சமா வெச்சு, சூப்பு மிச்சம் வெச்சவனுக்கு மறுபடி நூடுல்ஸ் மட்டும் போடுறான். கால் மணி நேரத்துல ஆள் எந்திரிச்சுப் போற கடைல எவன் ரிசர்வேஷன் வெப்பான்? மூணு வருஷமா இங்க இருக்குற எனக்கு இது தெரியாதா? தெரியும்! பயல் ரெண்டு காஏதாமா வாங்கினான், ரெண்டையும் "பாரிகட்டா", அதாவது நல்லா கெட்டியான்னு கேட்டு. ருசில ஒரு குறை சொல்ல முடியாது. எனக்குதான் இறங்கல.

அப்புறம் ஆப் சாட். முதல் பதில்: "சிரமத்துக்கு வருந்துகிறோம், பார்ட்னரிடம் கேட்கிறோம், 48 மணி நேரம்." ரெண்டாவது: நீங்க நேரத்துக்கு வரலைன்னு பார்ட்னர் சொல்றாங்களாம். வாசல்ல நின்னு எடுத்த போட்டோ, மஞ்சள் பேப்பர் போட்டோ ரெண்டும் அனுப்பினேன். மூணாவது: இலவச ரத்து மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும்தான். நான் புக் பண்ணதே முந்தின நாள்! இன்னைக்கு நாலாவது, இதுதான் உச்சம், நீங்க வாங்கினது சீட் இல்ல, "வரிசை குறித்த வழிகாட்டல் சேவை"யாம். அவங்க அனுப்பின பிடிஎஃப்ல என்ன இருக்குன்னா கடைக்கு வழி, "சீக்கிரம் போனா க்யூ கம்மி"ன்னு ஒரு வரி. அதுக்கு 18,400 யென்.

கார்டு கம்பெனிக்கு ஃபோன் பண்ணியாச்சு, ஃபார்ம் அனுப்புறானாம்.

சரி, அந்த அஞ்சு விஷயம். கடையோட சொந்தப் பக்கத்துல முன்பதிவுன்னு இல்லைன்னா வேற எவன் வித்தாலும் வாங்காதீங்க. "இலவச ரத்து"ன்னா எத்தன நாள் முன்னாடின்னு கீழ சின்ன எழுத்துல பாருங்க. ஏமாந்துட்டா வாசல்ல நின்னே போட்டோ எடுங்க, இங்க இருக்கவங்க 188க்கு அடிச்சா நுகர்வோர் சென்டர்ல பேசலாம், நாளைக்கு நானும் அடிக்கப் போறேன். மத்தது இப்ப ஞாபகம் வரல, தூக்கமும் வரல.

அத்தான் இப்பவும் ரூம் கதவுகிட்ட நின்னு "பணம் திரும்ப வந்துச்சா மாப்ள"ன்னு கேட்டாரு. வந்துருச்சுன்னு சொல்லிட்டேன்.