இரட்டை சிலிண்டர் காற்று பம்ப் செட்: ஏற்காட்டுக் கல் பாதைக்கும் பாஹா பாலைவனத்துக்கும் தாங்குமா?

சேலத்து ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற ஒரு செட் பற்றிய விமர்சனம் இது. கைப்பிடி வைத்த ஒரு பை. உள்ளே பேட்டரியில் கிளிப் மாட்டி ஓட்டும் 12 வோல்ட் இரட்டை சிலிண்டர் பம்ப், ஏழெட்டு மீட்டர் சுருள் ஹோஸ், காற்று இறக்கும் டிஃப்ளேட்டர், டியூப்லெஸ் பஞ்சர் கிட். ஒரே வார்ப்பில் செய்த பம்ப் பல ஸ்டிக்கர்களில் விற்பதால் பெயரைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது வயரும் ஃபியூஸும் வால்வும்தான்.

ஏற்காட்டு எஸ்டேட் பாதைகளில் ஜீப், பொலேரோ ஓட்டுபவர்களுக்கு இது வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ பக்கம் வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருக்கிறது. நீண்ட விடுமுறை கிடைத்தால் எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் அவர்கள். இரண்டு இடத்தையும் மனதில் வைத்துச் சொன்னால்: பம்ப் நன்று, வாங்கலாம். டிஃப்ளேட்டர் மிக நன்று. ஹோஸில் இருக்கும் மீட்டரை நம்பக் கூடாது. பஞ்சர் கிட்டில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும்.

கரடுமுரடான பாதையில் டயரைக் காப்பது காற்றைக் குறைப்பதுதான் என்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பெரும்பாலோர் குறைப்பதில்லை. திரும்ப ஏற்ற வழி இல்லை என்பதே காரணம். அடுத்த பெட்ரோல் பங்க் வரை 18 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்த அளவு) காற்றில் தார்ச் சாலையில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி உள்ளே பிரிந்துவிடும். ஆகவே 35 பிஎஸ்ஐயோடு கல் மேல் ஏறி, கல் குத்தி, நடுவழியில் ஸ்டெப்னி மாற்றுகிறார்கள். நல்ல பம்ப் கையில் இருந்தால்தான் காற்றை இறக்கத் துணிவு வரும். இந்த செட்டுக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

பாஹாவின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஹுவானாவிலிருந்து காபோ சான் லூகாஸ் வரை தீபகற்பத்தின் நீளத்துக்கும் ஓடும் 1-ஆம் எண் நெடுஞ்சாலை, 1,700 கிலோமீட்டர் சொச்சம், 1973-இல் முழுமையாகத் தார் கண்டது. பல இடங்களில் அது குறுகல். தார் விளிம்புக்கு வெளியே ஒதுங்க இடமே இருக்காது. தெற்கே போகும்போது எல் ரொசாரியோ ஊரைத் தாண்டினால் கெர்ரேரோ நெக்ரோ ஊர்ப் பக்கம் வரும்வரை 300 கிலோமீட்டருக்கு மேல் முறையான பங்க் கிடையாது. நடுவில் கட்டவிஞ்ஞா என்ற ஊரில் பெட்ரோலைப் பேரலில் வைத்து விற்பார்கள். அதை நம்பிக் கிளம்பக் கூடாது. இது தார்ச் சாலையின் கதை. பசிஃபிக் கரைக்கும் கலிஃபோர்னியா வளைகுடாக் கரைக்கும் பிரிந்து போகும் மண் பாதைகளில் பங்க் மட்டுமல்ல, செல்போன் சிக்னலும் இருக்காது. 078 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் 'ஆங்ஹெலெஸ் வெர்டெஸ்' என்ற அரசு உதவி வண்டிகள் நெடுஞ்சாலைகளைத்தான் சுற்றும். மண் பாதையில் இறங்கிவிட்டால் டயருக்கு நீங்களே பொறுப்பு.

அந்தப் பாதைகளின் பெரிய தொல்லை வாஷ்போர்டு. சக்கரங்கள் துள்ளித் துள்ளி மண்ணைத் தகர ஷீட் போல வரிவரியாக ஆக்கிவிடும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இடைவெளி. நம் பக்கம் கல் குவாரிக்கு லாரி ஓடும் மண் சாலைகளில் இதே வரி விழும், ஆனால் சில நூறு மீட்டரில் முடிந்துவிடும். அங்கே பல பத்து கிலோமீட்டருக்கு நீளும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் நுரைத்து, சூடேறி, வேலை செய்வதை நிறுத்தும். பேட்டரி கிளாம்ப், கேரியர் போல்ட், ஷாக் மவுண்ட், நம்பர் பிளேட் ஸ்க்ரூ எல்லாம் தளரும். தினமும் மாலை ஸ்பானர் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வேகமாகப் போனால் மேட்டுக்கு மேடு மிதந்து போய்விடலாம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் மிதக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. வளைவு வந்தால் வண்டி நேராகப் போகும். காற்றைக் குறைத்து நிதானமாக ஓட்டுவதே சரி.

இனி பம்பின் கணக்கு. பொலேரோவின் 215/75 ஆர்15 டயரின் உள்ளளவு சுமார் 50 லிட்டர். அதை 18-இலிருந்து 34 பிஎஸ்ஐக்கு ஏற்ற சுமார் 55 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நான்கு டயருக்கு 220 லிட்டர். அமெரிக்காவில் டொயோட்டா 4ரன்னர் போன்ற வண்டிகளில் வரும் 265/70 ஆர்17 என்றால் ஒரு டயரின் உள்ளளவே 80 லிட்டர். இதே அளவு ஏற்ற நான்குக்கும் 350 லிட்டர் வெளிக்காற்று ஆகும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்பின் அட்டையில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கும். அது எதிர் அழுத்தமே இல்லாதபோது வரும் அளவு. 30 பிஎஸ்ஐயை எதிர்த்துத் தள்ளும்போது பாதிகூட வராது. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான் என்பதால் அதைவிடப் பெரிய மோட்டாரை அதில் ஓட்டவும் முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் ஆறவைக்க வேண்டும். பெரிய டயர் நான்கையும் ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டிவரும். அப்படி ஒருமுறை நின்றவர் மறுமுறை காற்றை இறக்கமாட்டார். கிளிப் வகை இரட்டை சிலிண்டர் 30 ஆம்பியருக்கு மேல் இழுத்து அந்த வேலையைப் பல மடங்கு சீக்கிரம் முடிக்கிறது. விலை சின்ன பம்பைவிட மூன்று நான்கு மடங்கு. கொடுக்கலாம்.

மாட்டும் முறையில்தான் பலர் இதைக் கெடுக்கிறார்கள். முதலில் எஞ்சினை ஓடவிட வேண்டும். நிறுத்திய வண்டியில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், பேட்டரியும் தீரும். சிவப்பு கிளிப்பைப் பாசிட்டிவில் மாட்டுங்கள். கருப்பு கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டாமல் எஞ்சினிலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத நல்ல எர்த் போல்ட்டில் மாட்டுவது நல்லது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கும். பம்பைத் தரையில் வைக்கும்போது ரப்பர் மேட் ஒன்றைப் போடுங்கள், மணல் மேல் நேராக வைத்தால் ஃபில்டர் வழியாகத் தூசியை உறிஞ்சும். அதன் ஃபில்டர் வெறும் ஃபோம் துண்டு. கழற்றித் தட்டி மாட்டலாம். பாஹாவில் சில இடங்களில் மண் மாவு போல இருக்கும், அங்கே ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டும். மோட்டாரை ஓடவிட்டு, பிறகு ஹோஸை வால்வில் மாட்டினால் தொடக்கத்தில் ஃபியூஸ் மீது விழும் சுமை குறையும்.

இந்த வகை பம்புகளில் முதலில் போவது மோட்டார் அல்ல, வயரில் இருக்கும் ஃபியூஸ் ஹோல்டர்தான். பிளாஸ்டிக் மெலிது, உள்ளே பிடிப்பு தளர்வு. 30 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் உருகுகிறது. வாங்கியதுமே அதை வெட்டிவிட்டு, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 40 ஆம்பியர் தாங்கும் நல்ல ஹோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். பம்பின் அட்டையில் வேறு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு ஃபியூஸையே போட வேண்டும். இன்னொன்று: சூடு அதிகமானால் பம்ப் தானாக நின்றுவிடும், ஆறியதும் தானாக ஓடும். நின்றதும் கெட்டுவிட்டது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்காதீர்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் நிழலில் வையுங்கள். ஹோஸின் பம்ப் பக்கத்துப் பித்தளை முனை கையைச் சுட்டுவிடும், கையுறை வேண்டும்.

ஹோஸில் இருக்கும் மீட்டர், பம்ப் ஓடும்போது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும். டயருக்குள் இருப்பதைவிட அது எப்போதும் அதிகம். பம்பை நிறுத்திவிட்டுத்தான் படிக்க வேண்டும். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை உள்ள தனி டயல் மீட்டர் ஒன்று வாங்கி அதை மட்டுமே நம்புங்கள். மீட்டரைச் சோதிக்க நமக்கு ஏற்காட்டுச் சாலையே வசதி. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போனதும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் மீட்டர் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர். 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். பத்து டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். கீழே ஆறிய டயரில் 35 பார்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே நிழலில் நிறுத்தி டயர் நன்றாக ஆறிய பிறகு பார்த்தால் 35-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். மூன்று நான்கு தள்ளிக் காட்டினால் மீட்டரையோ வால்வையோ சந்தேகப்படுங்கள். வண்டியை நிறுத்திய உடனே பார்க்காதீர்கள், ஓடிய சூட்டில் கூடுதலாகத்தான் காட்டும். பாலைவனத்திலும் இதே விதி: காலைக் குளிரில் வைத்த அளவு மதியம் பல பிஎஸ்ஐ ஏறியிருக்கும், ஏறிவிட்டதே என்று இறக்கக் கூடாது.

டிஃப்ளேட்டர் இந்த செட்டின் சிறந்த சாமான். வால்வு பின்னையே சுழற்றி வெளியே இழுத்துவிட்டுக் காற்றை விடும் வகை. குச்சியால் பின்னை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் நிமிடக்கணக்கில் ஆகும் வேலை, இதில் அரை நிமிடம் போல முடிகிறது. பின்னை இழுப்பதற்கு முன் கருவியை வால்வில் முழுதாக இறுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் பறந்து மண்ணில் விழும். உதிரி வால்வு பின் குறைந்தது நான்கு வைத்துக்கொள்ளுங்கள். டயர் அழுத்த சென்சார் உள்ள வண்டிகளின் அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளைப் பின் போட்டால் அரித்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசியதே போட வேண்டும். கடற்கரை உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். காற்று இறக்கியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அது இயல்பு.

எவ்வளவு இறக்குவது? 35 பிஎஸ்ஐ ஓடும் எஸ்யூவிக்கு வாஷ்போர்டிலும் எஸ்டேட் கல் பாதையிலும் 25 முதல் 28, வேகம் 60-க்குள். கடற்கரை மணலுக்கு 15 முதல் 18, வேகம் 30, 40-க்கு மேல் வேண்டாம், திடீர் ஸ்டியரிங்கும் வேண்டாம். 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம். சேலத்தில் மணல் பாதை இல்லாததால் இந்தக் கடைசி அளவை ஊரில் பழக வாய்ப்பில்லை. பாஹாவில் முதல் மணலில் இறங்கும்போதே 18-இல் தொடங்குங்கள், சிக்கிய பிறகு இறக்காதீர்கள். கூரான கல்லுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. காற்று குறைந்தால் டயரின் முகம் கல்லை அணைத்துக்கொண்டு தப்பும், ஆனால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். பாதையோரக் கல்லில் உரசினால் கிழியும். சேறு காயாத மழைக்காலத்தில் எஸ்டேட் பாதையின் ஓரத்தில் ஒதுங்கும்போது இது நடக்கிறது. பாஹாவில் கெர்ரேரோ நெக்ரோ, சான் இக்னாசியோ பக்கத்து உப்புத் தரைகளில் காற்று எவ்வளவு இறக்கினாலும் பயன் இல்லை. மேலே காய்ந்த உப்பு ஓடு, கீழே ஈரச் சேறு. ஏற்கெனவே வண்டி போன தடத்தை விட்டு விலகவே கூடாது.

பஞ்சர் கிட் ஏமாற்றம்தான். பிளாஸ்டிக் கைப்பிடி, மண், கல் பாதைக்கான கெட்டியான ஆல்-டெரைன் டயரில் ஊசியை அழுத்தினால் உடைகிறது. ஊசியின் காதும் விரிந்துவிடுகிறது. இரும்பு டி-கைப்பிடி உள்ளதைத் தனியாக வாங்குங்கள். ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் பத்துக்குக் குறையாமல் வேண்டும். முறை இதுதான்: ஆணி போன கோணத்திலேயே அரத்தைச் செலுத்தி ஓட்டையை நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள், டயருக்குள் இருக்கும் ஸ்டீல் வயர் நுனிகள் ஸ்ட்ரிப்பை அறுக்காமல் இருக்க இது அவசியம். ஸ்ட்ரிப்பை ஊசிக்காதில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்துங்கள். திருகாமல் ஒரே இழுப்பாக ஊசியை உருவி, மிச்சத்தை நறுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பக்கச்சுவர் கிழிசலுக்கு இது மருந்தல்ல. மூன்று நான்கு ஸ்ட்ரிப்பைத் திணித்து ஊர்ந்து வெளியே வரலாம், அதன் பிறகு அந்த டயரை எடுத்துவிட வேண்டும். ஆகவே தொலைதூர மண் பாதைக்கு முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம்; முடிந்தால் இரண்டு.

ஊரிலிருந்து விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: பம்பை செக்-இன் பெட்டியில் வைக்கலாம். ரப்பர் சொல்யூஷன் டியூப் தீப்பிடிக்கும் பொருள், எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை. எடுத்துவிட்டு அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ள கையடக்கப் பம்பாக இருந்தால் கைப்பையின் விதி வேறு, விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். வால்வும் 12 வோல்ட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், அடாப்டர் எதுவும் தேவையில்லை. அங்கே அவசரத்துக்கு வாங்கும் சாட்டிலைட் தகவல் கருவியைத் திரும்பி வரும்போது சேலத்துக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

கடையில் வாங்கும்போது பெட்டியைப் பிரிக்கச் சொல்லி நான்கு காரியம் பாருங்கள். வயர் விரல் தடிமனுக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும், ஒல்லியாக இருந்தால் வேண்டாம். ஹோஸை முழுதாக இழுத்தால் பம்பை முன்னால் வைத்துப் பின் டயரைத் தொட வேண்டும். நீள வண்டிக்கு ஆறு மீட்டர் போதாது. வால்வில் மாட்டும் முனை திருகும் வகையா, லீவர் வகையா என்று பாருங்கள். திருகுவதைக் கழற்றுவதற்குள் ஒன்று இரண்டு பிஎஸ்ஐ போய்விடும், லீவரே மேல். கடைசியாக, கடைவாசலிலேயே உங்கள் வண்டியில் மாட்டி ஒரு டயரில் பத்து பிஎஸ்ஐ இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். அதற்குள் ஃபியூஸ் ஹோல்டர் கைதொட முடியாமல் சுட்டால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லலாம்.