வவுனியாவில் 84,000 ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு வான் அனுப்பாத கடை – கவனம்

84,000 ரூபாய். 14 வீடுகளில் ஆளுக்கு 6,000 என்று சேர்த்த காசு. சில வீடுகளில் நெல் விற்ற காசு. அதை வவுனியாவில் வான் வாடகையும் சுற்றுலா ஏற்பாடும் செய்யும் ஒரு கடையில் எண்ணிக் கொடுத்தோம். போன சனிக்கிழமை விடிய 4 மணிக்குக் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு வரவேண்டிய வான் வரவேயில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செம்மண் தரையில் றக்பி பழகுகிறார்கள். அவர்களுக்குப் பிரட்பி கேடயப் போட்டியைக் காட்ட நினைத்தோம். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் போட்டி அது. ஓர் ஆட்டம் கண்டியில், மற்றது கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். கண்டியில் தோற்ற அணி கொழும்பில் அதை ஈடுகட்டிக் கேடயத்தைத் தூக்கலாம். அதனால் இரண்டு பயணத்துக்கும் வான், கண்டியில் ஓரிரவு அறை, டிக்கெட் எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசினோம்.

அந்த முதலாளி எங்களை இருத்தித் தேநீர் தந்தார். ஏ9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை என்று ஒரு தாளில் கோடு போட்டு, பிள்ளைகள் எங்கே சாப்பிடலாம் என்று வட்டமிட்டுக் காட்டினார். காசைத் தொடும்போது சொன்னார்: “தம்பி, நாங்களும் முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த சனம்தான். எங்கள் பிள்ளைகளின் காசில் நான் கைவைப்பேனா?”

அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்தினார் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. நாங்கள் பட்ட பாட்டை ஒருவன் வியாபாரத்துக்கு எடுக்கலாமா? அதற்கு மேல் யாரும் பற்றுச்சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் தந்தது ஒரு கடைச் சிட்டையில் தொகையும் கையெழுத்தும் மட்டும்.

சனிக்கிழமை 5 மணிக்கு அழைத்தால் “வான் மாங்குளம் தாண்டிவிட்டது” என்றார். 6 மணிக்குச் சாரதிக்குக் காய்ச்சல். 7 மணிக்கு வேறு வான் வருகிறது. பிறகு தொலைபேசி நின்றுவிட்டது. 9 மணிக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, வவுனியாவில் மாறிக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. டிக்கெட்டும் அந்தக் கடையில்தான். மதிலுக்கு வெளியே நின்று கூட்டத்தின் ஆரவாரத்தை மட்டும் கேட்டார்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனோம். மேசையில் இருந்த பெண், “முதலாளி யாழ்ப்பாணம் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள்” என்றாள். அடுத்த நாள், கணக்குப் பார்ப்பவர் இல்லை. அதற்கடுத்த நாள் முதலாளியே வந்து சொன்னார்: “நீங்கள் பஸ்ஸில் போனீர்கள்தானே? அப்படியென்றால் பயணத்தை ரத்துச் செய்தது நீங்கள். முற்பணம் திரும்பாது.” விடிய 4 மணியிலிருந்து சந்தியில் நின்ற பிள்ளைகள் ரத்துச் செய்தார்களாம்! 84,000 ரூபாயை வைத்துக்கொண்டு, கொழும்புப் பயணத்துக்கு “மிச்சக் காசைக் கட்டுங்கள்” என்று கூசாமல் கேட்கிறார்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முழு முற்பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். காசை வங்கி வழியாக அனுப்புங்கள், வாகன இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் எழுதி வாங்குங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிக்கெட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம், நுகர்வோர் அதிகார சபைக்கும் 1977 இலக்கத்தில் அழைத்திருக்கிறோம். வவுனியாவில் இதே மாதிரி ஒரு கடையில் வானுக்குக் காசு கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால், சிட்டையைப் படமெடுத்து வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்கு அனுப்புங்கள். எல்லோருடைய சிட்டைகளோடும் மறுபடி பொலிஸுக்குப் போகிறோம்.