அப்பாவின் கழுத்தும் வெள்ளவத்தை ஒழுங்கைச் சலூனும்

சனிக்கிழமை காலையில் அப்பாவைச் சவரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது இப்போது என் வேலை. அவருக்கு 78 வயது. தபாற்கந்தோரில் இருந்த காலம் முழுக்க விடிய ஐந்தரைக்கே ஜன்னலடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தானே சவரம் செய்தவர். போன வருடம் பாரிசவாதம் வந்து வலக்கை வழங்காமல் போய்விட்டது. வலக் கன்னமும் தொய்ந்துவிட்டது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை போடுகிறார். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் கீறல் அவருக்கு நின்று நின்று கசியும்.

கிளினிக்கில் மின்சார ரேசர்தான் நல்லது என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "சவரம் செய்த மாதிரியே இல்லை பிள்ளை" என்றார். டொக்டரிடம் திரும்பக் கேட்டேன். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிற காலத்தில் மட்டும், நிதானமான கையிடம் மட்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். அந்தக் கையைத் தேடித்தான் அலைந்தேன்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கொழும்பில்தான், ஏசி போட்ட இடம். நான் பின்னால் வாங்கில் இருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் தடங்கல், உடனே எதையும் சொல்லமாட்டார். ஆனால் அவருடைய இடக்கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. ஏசிக் குளிருக்கு என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

இப்போது தெரியும். பிளேட் நன்றாக இருந்து நுரையும் ஊறியிருந்தால் ஒரே சீரான மெல்லிய சத்தம்தான் வரும். அன்றைக்கு விட்டு விட்டுக் கரகரத்தது. பிளேடோடு சேர்ந்து கன்னமும் இழுபட்டுப் போய்த் திரும்பி வந்தது. முடி வெட்டுப்படவில்லை, பிடுங்கப்படுகிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. "கன்னத்தை ஊதுங்க ஐயா" என்றான் அந்தப் பையன். வாயின் வலப்பக்கத்தில் காற்று நிற்காத மனிதரிடம்! அப்பா முயன்றார், உதட்டோரத்தால் காற்றுப் போனது. பையன் அதைக் கவனிக்காமல் தொய்ந்த தோலிலேயே அழுத்தி வழித்தான். தாடை மூலையில் மிச்சம் நின்ற முடியை, நுரை போடாமல் வெறும் தண்ணீரைத் தொட்டுத் திரும்பத் திரும்பச் சுரண்டினான். கழுத்தில் எடுத்த எடுப்பிலேயே கீழிருந்து மேலே.

முடிந்ததும் லோஷன், பிறகு பவுடர். முகம் பளிச்சென்று இருந்தது. நானும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிற மனநிலையில்தான் வெளியே வந்தேன். ஓட்டோவில் ஏறும்போது சட்டைக் கொலரில் இரத்தம்.

பின்னேரம் பவுடரைத் துடைத்துப் பார்த்தேன். கழுத்து முழுக்கச் சிவந்து, கை வைத்தால் சூடு. ஆறு இடத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். "எரியுது பிள்ளை" என்றார். அந்தக் காந்தல் தோலின் மேல்படை சுரண்டுப்பட்டதால் வருவது, குளிர்ந்த துணி வைக்க ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். அப்படித்தான் அடங்கியது. மூன்றாம் நாள் வந்தது வேறு. கழுத்தின் இடப்பக்கம் சின்னச் சின்னப் பருக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி. எதிர்த்திசையில் ஒட்ட வழித்தால் வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. வளரும்போது நேரே வெளியே வராமல் பக்கத்துத் தோலையே குத்துகிறது. இந்தப் பருவைக் கிள்ளக்கூடாது, திரும்பச் சவரம் செய்யவும் கூடாது. மூன்று கிழமை தாடியோடு இருந்தார். சீழ் வைத்துப் பரவினால் டொக்டரிடம் காட்டுங்கள், களிம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

அதனால்தான் இந்த வெள்ளவத்தைச் சலூனைப் பற்றி முதல் நாளே எழுதாமல், நான்கு சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன். கதிரையில் இருந்து எழும்பும்போது எல்லாச் சவரமும் நல்லதுதான்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்று கதிரை உள்ள சின்னக் கடை. ரயில் போனால் கண்ணாடி அதிரும். அதிர்வு நிற்கும்வரை சவரம் செய்யும் தம்பி பிளேடை முகத்திலிருந்து எடுத்துவிடுகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்காக என்றே சொல்லலாம்.

முதல் நாள் தண்ணீர் தொடுவதற்கு முன்னமே, "ஐயா ரத்தத்துக்கு மாத்திரை ஏதும் எடுக்கிறாரா அக்கா?" என்று கேட்டார். ஈர விரலால் அல்ல, துடைத்த விரலால் அப்பாவின் கழுத்தை மேலும் கீழும் தடவினார். "இந்தப் பக்கம் முடி காதை நோக்கி ஓடுது, கவனிச்சீங்களா?" என்றார். ஐம்பது வருடம் தன் முகத்தைத் தானே வழித்த அப்பா தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த இன்னொருவரைக் கண்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது.

சுடுதண்ணீரில் நனைத்த துவாயைக் கன்னத்தில் வைத்து, சவர்க்கார நுரையைப் பிரஷ்ஷால் சுழற்றி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுகிறார். தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகிவிடும். புதுப் பிளேடை என் கண் முன்னே கடதாசியிலிருந்து எடுத்து, இரண்டாக முறித்து, ஒரு பாதியை ஹோல்டரில் போடுகிறார். இதை நான் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் போகும் கடையில் செய்யாவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், காய்ந்த இரத்தத்திலும்.

வலக் கன்னத்துக்கு அவர் செய்ததை அருகில் போய் நின்று பார்த்தேன். இடக்கையின் இரண்டு விரல் நுனியைத் துடைத்து, படிகாரத் துண்டில் ஒரு முறை உரசுகிறார். சவர்க்காரத்தில் வழுக்காத பிடி கிடைக்கிறது. காதடியில் அந்த விரல்களை வைத்துத் தோலை மேலே இழுத்ததும் தொய்ந்த கன்னம் தட்டையாகிறது. பிளேட் படுத்தபடி, அரை அங்குலம் அரை அங்குலமாக, முடி போகும் திசையிலேயே இறங்குகிறது. ஊதச் சொல்லவே இல்லை. திரும்ப ஒரு இடத்தைத் தொட வேண்டுமென்றால் திரும்ப நுரை. அப்பாவின் இடக்கை மடியில் விரிந்தபடி கிடந்தது.

கடைசியில் படிகாரத்தைக் கரைத்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றுகிறார், எல்லோர் முகத்திலும் தேய்த்த கட்டியை அல்ல. சுரண்டுப்பட்ட இடத்தைப் படிகாரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும், கடுமையாக எரியும். நான்கு கிழமையில் ஒரு நாள் மட்டும் தாடையடியில் அப்பா முகம் சுளித்தார். "அது என் பிழை, கொஞ்சம் அழுத்திட்டேன் ஐயா" என்று சொல்லி, சுத்தமான பஞ்சால் நின்று பிடித்தார். கசிவு நின்றது.

குறைகளும் உண்டு. கடையின் பிரஷ் எல்லோருக்கும் பொது. கழுவுகிறார், ஆனால் எனக்கு அது போதாது. அப்பாவின் பழைய பிரஷ்ஷைக் கொண்டுபோனேன், முகம் கோணாமல் வாங்கிப் பாவித்தார். தொலைக்காட்சிச் சத்தம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், மற்ற இரண்டு கதிரையிலும் இருப்பவர்கள் அவசரக்காரர்கள், தம்பியின் கையும் அன்றைக்குக் கொஞ்சம் வேகம்.

சவரம் 500 ரூபா, முதியவருக்கென்று கூட வாங்குவதில்லை. காலை எட்டரைக்குப் போனால் காத்திருக்கத் தேவையில்லை. வாசலில் ஒரு உயரப் படி இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறாது. ஓட்டோ நின்றதும் தம்பியே வெளியே வந்து அப்பாவின் இடப்பக்கத் தோளைப் பிடிக்கிறார். வலப்பக்கம் நான்.