சில் மாற்றினேன் என்றார், மேலே தகடு ஒட்டினார்: என் எம்ஜிபி பட்ட பாடு

பட்டறையிலிருந்து காடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவை மூடும்போது அதன் மேல் மூலை லேசாக உரசியது. கீழ்ப்பக்கமோ சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பட்டறைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "புது ரப்பர்ண்ணே, பத்து நாள் ஓட்டுனா படிஞ்சிரும்" என்றார். பதினான்கு மாதம் காத்திருந்தவனுக்கு எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும்.

காடி 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி, கூரை இல்லாத ரோட்ஸ்டர் வகைப் பழைய பிரிட்டிஷ் கார். 2012-இல் வாங்கினேன். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவு செய்திருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்க முடியும். அந்த நாள்களை நான் சிறுவாட்டுக் காசு மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிப்பேன். ஞாயிறு விடியலில் லிம் சூ காங் சாலை, திரும்பும்போது ஜாலான் காயுவில் பரோட்டா, பிறகு வீடு. ஒன்பது ஆண்டுகள் அப்படியே ஓடியது. பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் வேலையெல்லாம் நானும் மகனும் வீட்டிலேயே பார்த்தோம். தகர வேலை மட்டும் எங்களுக்கு வராது. 2021-இல் கதவுக்குக் கீழே 'சில்' என்று சொல்லும் பகுதியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியபோது பட்டறை தேடினேன்.

ஒரு நண்பர் கைகாட்டிய ஆள், தமிழர். முதல் நாளே "அண்ணே, இந்த மாதிரி வண்டி நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார். கோப்பி வாங்கிக் கொடுத்தார். 13,800 வெள்ளி கேட்டார். தாளில் "இரண்டு பக்கச் சில் மாற்றுதல், முழு பெயிண்ட்" என்று ஒற்றை வரி. என் முதல் முட்டாள்தனம் அந்த ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டதுதான்.

இந்தக் காடியில் சில் என்பது அழகுக்கு வைத்த தகடு அல்ல. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் சட்டகம். கூரையும் இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைப்பது கதவுகளுக்குக் கீழே ஓடும் இந்தப் பெட்டிதான். வெளித்தகடு, நடுவே ஒரு தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில் மாதிரி பல் பல்லாக இருக்கும் ஒரு பட்டை, எல்லாம் சேர்ந்துதான் சில். அதை அறுக்குமுன் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு முதுகு தொய்ந்துவிடும். தொய்ந்தால் கதவு இடைவெளி மேலே குறுகும், கீழே அகலும். முதல் பத்தியில் நான் சொன்னது அதேதான். ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

5,000 வெள்ளி முன்பணம். இரண்டு மாதம் கழித்து "பெயிண்ட் வாங்கணும்ணே" என்று 3,000. தீபாவளிக்கு முன்னால் "பசங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும்" என்று 4,000. அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் மனம் இளகினேன், அவர் எதிர்பார்த்தபடியே. கேட்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் வரும். சில் திறந்து கிடக்கும் படம், புதுத் தகடு பளபளக்கும் படம். பல மாதம் கழித்து உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன், ஒரு படத்தில் பெடல்கள் இடது பக்கம் இருந்தன. என் காடி வலது பக்க ஸ்டியரிங். எங்கிருந்து எடுத்த படமோ!

தாமதத்துக்கு அவர் சொன்ன காரணம் "பார்ட்ஸ் கிடைக்கலண்ணே, ரொம்பப் பழசு". அதுவும் பொய். ஏபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. முழு உடம்புக் கூட்டையே இங்கிலாந்தில் மறுபடி புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். சில் தகடு, பட்டை எல்லாம் போன் எடுத்தால் வாங்கலாம். இது தெரிந்தும் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று மனைவி கேட்டார். நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன், வேறென்ன.

பத்து நாள் பத்து வாரமாகியும் கதவு படியவில்லை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கதவு தானாகத் திறந்துகொண்டது. அதற்குமேல் பொறுக்காமல், ஓய்வுபெற்ற ஒரு சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அங்கிள் அதிகம் பேச மாட்டார். காடியைத் தூக்கினார். அடியில் கறுப்பாகத் தார்மாதிரி பூசியிருந்ததைச் சுரண்டினார். சில்லில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்திருந்தார்கள். ஒரு துளையைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. கேமரா வைத்த கம்பியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கொசோங்." உள்ளே ஒன்றுமில்லை. நடுத்தகடு மக்கிப் போயிருந்தது. அடிப்பட்டையை அறுத்து எடுத்துவிட்டு வேறு வைக்கவே இல்லை. பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைத்து, மேடுபள்ளத்துக்குப் பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தால் பாதி இடத்தில் ஒட்டவில்லை. அந்தச் சோதனையை எடுத்துவந்த அன்றே நான் செய்திருக்கலாம், அரை நிமிட வேலை.

அதோடு முடியவில்லை. பானெட்டைத் திறந்த அங்கிள் கார்பரேட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். நான் பட்டறைக்குக் கொடுக்கும்போது இருந்தது எஸ்யூ நிறுவனத்தின் எச்ஐஎஃப்4 வகைக் கார்பரேட்டர் ஜோடி. அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் உடம்புக்குள்ளேயே அடியில் இருக்கும். இப்போது என் எஞ்சினில் இருந்ததோ எச்எஸ்4, கிண்ணம் பக்கத்தில் தனியாகத் தொங்கும் பழைய வகை, அதுவும் தேய்ந்தது. பட்டறைக்குள் போகுமுன் நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. மகனின் பிறந்தநாள் படத்தில் பின்னணியாகத் திறந்த பானெட் தெரிந்தது, அதுதான் பிறகு சாட்சியாக நின்றது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, உள்ளே விடவும் மாட்டார்கள். ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். "பார்த்துக்கலாம்ணே" என்று இழுத்தடிக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். என் ஆளும் அப்படித்தான் இழுத்தார். அங்கிள் எழுதிக் கொடுத்த அறிக்கை, கேமராப் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், இடது பக்கப் பெடல் படம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். சமரசப் பேச்சிலேயே 6,500 வெள்ளி திருப்பித் தர ஒப்புக்கொண்டார், தவணையாக. கார்பரேட்டர் பற்றி மட்டும் "வரும்போதே இதுதான் இருந்தது" என்று சாதித்தார். பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மீதித் தவணை கைக்கு வர வேண்டும்.

அங்கிளின் வேலை 9,600 வெள்ளிக்கு வந்தது. கதவுக்கிடையில் கம்பி வைத்து இறுக்கினார், பழையதை முழுக்க அறுத்தார். ஒவ்வொரு அடுக்கையும் மூடுமுன் என்னைக் கூப்பிட்டு, கதவை மாட்டி, இடைவெளியைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்குப் போனார். நான் கேட்கவில்லை, அவர் வழக்கம் அப்படி. பணமும் அப்படித்தான், ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்த பிறகு. யாரிடம் கொடுத்தாலும் சில்லை மூடுமுன் கூப்பிடச் சொல்லி அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று முகம் சுளித்தால் காடியை அப்போதே திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்த ஆண்டு இதுவரை 11 நாள் ஓட்டியிருக்கிறேன். கதவு ஒரே தட்டில் மூடுகிறது. தேய்ந்த கார்பரேட்டர்தான் சிக்னலில் நிற்கும்போது இருமுகிறது. யாராவது உங்களிடம் எச்ஐஎஃப்4 ஜோடி விற்க வந்தால், மேலே மணி மாதிரி இருக்கும் கூட்டைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஒன்றில் என் மகன் ஆணியால் 'ம' என்று கீறி வைத்திருப்பான். இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.